வாசற்கால் காளான்

ஆக்லாந்தில் சனிக்கிழமை மழை விட்டதும் பெரியவர்கள் காட்டுக்குள் போய்க் காளான் முன்னால் மண்டியிடுகிறார்கள். பறிப்பதற்கல்ல, படம் எடுப்பதற்கு. ஊரில் இதைப் படிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். தபால்காரர் ஒருவர், பல் வைத்தியர் ஒருவர், முதியோர் இல்லச் சமையலறையில் வேலை பார்க்கும் நான் என்று பத்துப் பேர். சம்பளம் கிடையாது. நாங்கள் அனுப்பும் படங்களையும் குறிப்புகளையும் வைத்துத்தான் எந்தக் காளான் எங்கே வளர்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் வரைபடம் போடுகிறார்கள்.

முதல் வாரமே மானம் போனது. "மாதிரிக்கு ஒன்று கொண்டுவா" என்றார் குழுத்தலைவி ஹெலன். பட்டுப்போன மரத்தில் காது மடல் போல முளைக்கும் காளானைக் கண்டதும் என் கை தானாகப் போனது. வீட்டில் பட்டையைப் பிய்த்து, அடியை நறுக்கி, மூன்று தண்ணீரில் அலசி, டப்பாவில் போட்டுக் கொண்டுபோனேன். ஹெலன் திறந்து பார்த்துவிட்டு, "மீதி எங்கே?" என்றார். "குழம்பில்" என்றேன். அவர் கேட்டது பட்டையை. காளானைப் போலவே அது முளைத்த மரமும் முக்கியமாம்.

அப்படி அலச எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் சிறுவயதுத் தோழி மெரே, ஃபிஜித் தீவின் பூர்வகுடிப் பெண். ஃபிஜியில் லம்பாசா நகரத்துக்குப் பக்கம், எங்கள் ஊரான புலிலேகாவில் அவள் குடும்பத்து நிலத்தைத்தான் அப்பா குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டிருந்தார். மழை ஓய்ந்ததும் நாங்கள் இருவரும் விழுந்த மரங்களைத் தேடிப் போவோம். அவளுடைய அம்மா காளானைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுத்தனுப்புவாள். என் அம்மா அதில் மிளகாயைக் கிள்ளிப் போட்டு இன்னொரு கொதி விடுவாள். இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது.

தலைநகர் சுவாவில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்த வருடம் எங்கள் குத்தகை முடிந்தது. மெரேயின் மாமாக்கள் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். கிளம்பும் நாளில் மெரே எங்கள் வாசலில் வந்து நின்றாள். நான் அவள் முகத்தில் விழிக்கக்கூடாது என்று பின்பக்கமாகப் போய் டாக்ஸியில் ஏறிக்கொண்டேன். பிறகு வீடு தரைமட்டம் என்று கேள்விப்பட்டபோது, இடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அந்தக் கோபத்துக்குச் சோறு போட்டு வளர்த்தேன்.

ஃபிஜியும் அடங்கிய அந்தக் காளான் வரைபடத்தில் புலிலேகா இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை. நாங்கள் அங்கே இருந்ததே இல்லை என்று யாரோ சொல்வது போல இருந்தது. என் ஞாபகம் மட்டும் போதாது, இப்போது யாராவது அங்கே பார்த்துப் படம் எடுக்கவேண்டும் என்றார் ஹெலன். அப்படிக் கேட்க எனக்கு ஒருத்திதான் இருந்தாள். சுவா பக்கம் சமபுலாவில் இருக்கும் சித்தி மகளிடம் மெரேயின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு நாள் கடத்தினேன்.

"கேளேன்டி. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் அம்மா.

கூப்பிட்டேன். எனக்கும் மெரேக்கும் எப்போதும் ஃபிஜி ஹிந்திதான். "கைசே, லச்சு?" என்று நலம் கேட்டாள், நேற்றுப் பேசியவள் மாதிரி. நான் காளானைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, அதே மொழியில் சொன்னாள்: "அது இருக்கு. வீட்ட நாங்க இடிச்சோம்னு நெனச்சியா? புயல்ல விழுந்துச்சு. ஒரு பலகையக்கூட நான் எடுக்க விடல." வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுவாரம் அவள் பதிவு வந்தது. படத்தில் புல்லுக்குள் சாய்ந்து கிடக்கும் ஒரு மரச்சட்டம், அதன்மேல் வரிசையாகக் காளான். 'எந்த மரம்?' என்ற கட்டத்தில், 'லச்சு வீட்டு வாசற்கால்' என்று எழுதியிருந்தாள்.

"இது மரத்தின் பெயர் இல்லையே. அவளிடம் கேட்கிறாயா?" என்றார் ஹெலன்.

கேட்கத் தேவையில்லை. ஆற்றோரம் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தை அறுத்து அப்பா செய்த நிலை அது. இழைப்புத்தூள் என் தலையெல்லாம் ஒட்டியிருந்தது. நானே எழுதிச் சேர்த்தேன்.

இப்போது வரைபடத்தில் புலிலேகாவில் ஒரு புள்ளி இருக்கிறது. தொட்டால் இரண்டு பெயர்கள் வருகின்றன. பார்த்தவள் மெரே, மரத்தைச் சொன்னவள் நான். நடுவில் இருக்கிறது அன்று அவள் காத்து நின்ற வாசல், நான் தாண்டி வராத வாசல்.