விலை பார்க்கப் போட்ட ஆட்டக்காரன்

போன வாரம் சிலமலையில் பஸ்சை விட்டு இறங்கும்போது, டிரைவரைப் பார்த்து "நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டேன். கிளாஸ்கோவில் இறங்குகிற அத்தனை பேரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்வார்கள். பதின்மூன்று வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. நகர ஆரம்பித்த பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்னண்ணே, எதையும் உள்ள வச்சிட்டு எறங்கிட்டீங்களா?" என்றார். ஒன்றுமில்லை என்று கையசைத்தேன். "பெறகு எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிளம்பினார். பஸ்சுக்குள் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் பிறந்த ஊரில் நன்றி சொல்லி மாட்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மாட்டிக்கொண்டது அது ஒன்றில் மட்டும் இல்லை. மேலே மலைச்சரிவில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. சாரல் நாளில் அண்ணன் முருகேசன் அங்கே சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். காய் எடுக்க ஆளில்லை என்றதும் மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நான் ஓடிவந்தேன். கிளாஸ்கோவில் நான் இருப்பது என் மனைவி செல்வியின் நர்ஸ் வேலையை ஒட்டிய விசாவில். அது முடிகிற தேதி, அண்ணனுக்கு இரண்டாவது அறுவை செய்த வாரத்தில் வந்து போய்விட்டது. இங்கிருந்தே புதிதாக விண்ணப்பித்தேன். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் ஒன்பது வாரமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலில் கட்டு அண்ணனுக்கு. நகர முடியாமல் கிடப்பது நான். கடைவீதிக்குப் போனால் "எப்பக் கெளம்புற?" என்ற ஒரே கேள்விதான். முதல் மாதம் அதில் அன்பு இருந்தது. இப்போது கேட்கிறவர்களுக்குப் பதில் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்கிறார்கள்.

இந்த ஒன்பது வாரமும் என்னைக் கிளாஸ்கோவோடு கட்டிவைத்திருந்தது ஒரு விளையாட்டுப் போட்டி. என் மகள் யாழினிக்குப் பதினொரு வயது. அவள் ஆடும் கால்பந்து கிளப்பில், கோடை விடுமுறைக்காக இணையத்தில் ஒரு போட்டி நடத்தினார்கள். பந்தை உதைக்கிற ஆட்டமில்லை இது. அப்பாவோ அம்மாவோ ஒருவர், பிள்ளை ஒருவர் என்று ஜோடியாகச் சேர்ந்து, கம்ப்யூட்டருக்குள் ஒரு அணியை நிர்வகிக்க வேண்டும். யாரை இறக்குவது, யாரை உட்காரவைப்பது, யாரை வாங்குவது, விற்பது எல்லாம் நம் பொறுப்பு. ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் ஆடும். நாம் பார்த்துக்கொண்டு பதறலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே மதியம் பன்னிரண்டு மணி, இங்கே சாயங்காலம் நாலரை.

எனக்குக் கால்பந்து தெரியாது. கபடி ஆடின ஊர்க்காரன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று யாழினிதான் சொல்லித்தந்தாள். அண்ணன் அனுப்பிய ஏலக்காய் டப்பாவைச் கிளாஸ்கோ வீட்டுச் சமையலறை மேசையில் கொட்டி, பெரிய காய்கள் அவர்கள் ஆட்கள், சிறிய காய்கள் நம் ஆட்கள் என்று அடுக்கிக் காட்டினாள். மழையில் மைதானத்தின் ஓரம் நின்று மற்ற அப்பாக்கள் கத்தும்போது, எதற்குக் கத்துகிறார்கள் என்று தெரியாமல் அரை நொடி தாமதமாக நானும் கத்துவேன். அவளுக்கு அது வெட்கம். இந்தப் போட்டியில்தான் முதல் முறையாக, "எங்கப்பாவும் நானும் மேனேஜர்ஸ்" என்று அவள் நாலு பேரிடம் சொன்னாள். ஜோடியில் ஒருவர் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அந்த இடத்தை நான் விட்டுவிடக் கூடாது என்பதே இங்கே எனக்கு இருந்த ஒரே பயம்.

சிலமலையில் கரண்டும் நெட்டும் சேர்ந்து நிற்பதில்லை. அதனால் போடியில் அண்ணனின் கூட்டாளி ஒருவருடைய ஏலக்காய்க் கிடங்கில் லேப்டாப்போடு மூலையில் ஒரு நாற்காலி பிடித்துக்கொண்டேன். சீசன் நேரம், ஞாயிறும் வேலை நடக்கும். பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். அவர்களில் மூத்தவர் பேச்சியக்கா. முதல் வாரமே, "அப்பு, அந்தப் பொட்டிக்குள்ள யாரைப் போட்டு வெரட்டுறீங்க?" என்று கேட்டார். என் ஆட்கள் என்றேன். "கூலி யாரு குடுப்பா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணன் படுத்துவிட்டதால், எங்கள் காயை ஏல மையத்துக்குக் கொண்டுபோகிற சோலியும் எனக்கு வந்தது. அது ஒரு புதன்கிழமை. மாதிரிக் காய் வைத்த தட்டு, வியாபாரிகளின் மேசைக்கு மேசை போகும். நசுக்கிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், திருப்தியில்லையென்றால் தரையிலேயே போட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் காய்க்கு விழுந்த விலையைப் போனில் அண்ணனுக்குச் சொன்னேன். "கட்டுபடியாகாது. வாபஸ் வாங்கிரு" என்றார். விழுந்த விலையை எப்படி வேண்டாமென்பது என்று தயங்கினேன். "டேய், சும்மா வெலை பாக்கத்தான போட்டோம். நம்ம காய், நம்ம இஷ்டம். வெரசா எழுதிக் குடுத்துட்டு வா." எழுதிக் கொடுத்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. மூட்டையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். எங்கள் ஊர் முறையில் அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. போட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதே அந்த நாட்களில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, எங்கள் போட்டியில் ஆட்டக்காரர்களுக்கான ஏலம். எங்கள் அணியில் ஹேமிஷ் என்று ஒரு பதினேழு வயதுப் பையன் இருந்தான். கம்ப்யூட்டர் உண்டாக்கிய பையன்தான். இடது காலால் ஆடுவான். ஒன்றுக்கும் உதவாதவனாக வந்தவனை, தினமும் பயிற்சி கொடுத்துத் தேற்றியது யாழினி. அவனுக்கு என்ன மதிப்பு என்று பார்க்கலாம் என்று தோன்றியது. யாழினியிடம் கேட்காமல் அவனை ஏலத்தில் போட்டேன். மூன்று நிமிடத்தில் விலை எங்கேயோ போனது. கேலம் என்ற பையனும் அவன் அப்பாவும் கடைசியாகக் கேட்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தாயிற்று, எடுத்துக்கொள்ளலாம் என்று வாபஸ் பொத்தானைத் தேடினேன். அப்படி ஒரு பொத்தானே அந்த விளையாட்டில் இல்லை.

"அப்பா, ஹேமிஷ் நம்ம லிஸ்ட்ல இல்ல" என்றாள் யாழினி, என் காதில் மாட்டியிருந்த கருவி வழியாக.

"சும்மா விலை பார்க்கத்தாம்மா போட்டேன்."

"விக்கப் போறதில்லன்னா எதுக்குப் போட்டீங்க?"

என்னிடம் இருந்த பதில் புதன்கிழமைக்குச் செல்லும், ஞாயிற்றுக்கிழமைக்குச் செல்லாது. போட்டியை நடத்தும் கோச்சுக்கு நீளமாக எழுதினேன். எங்கள் ஊரில் ஏலக்காயை எப்படி விற்போம், எப்படித் திரும்ப எடுப்போம் என்று தட்டில் இருந்து தரை வரை விளக்கினேன். மறுநாள் பதில் வந்தது. நல்ல மனிதர், அன்பாகத்தான் எழுதியிருந்தார்: 'உங்கள் ஊரைப் பற்றிப் படிக்க அருமையாக இருந்தது. நீங்கள் அங்கேயே தங்கிவிட முடிவு செய்ததை யாழினி சொன்னாள். ஆட்களை விற்று முடிப்பது சரிதான். கவலைப்படாதீர்கள், அவளுக்கு வேறு ஒரு ஜோடி பார்த்துத் தருகிறேன்.'

அதை நாலு தடவை படித்தேன். ஏலக்காயைப் பற்றி எழுதியதெல்லாம் அவருக்கு விடைபெறும் கடிதமாகப் போயிருக்கிறது. அதைவிட, என் மகள் அதை முன்னாலேயே நம்பியிருக்கிறாள். உடனே அழைத்தேன். அங்கே காலை நேரம், அவள் பாலில் சீரியல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வரமாட்டேன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. கேலமோட அங்கிள் ஸ்பெயினுக்குப் போறப்ப முதல்ல நல்ல சாமான்லாம் வித்தாங்க. நீங்க ஹேமிஷை வித்தீங்க."

"நான் வருவேம்மா."

"எப்போ?"

ஊரே கேட்கிற கேள்விதான். அவளிடம் மட்டும் கைக்கு எட்டின பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. "தெரியல" என்றேன். கிண்ணத்தில் கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி. கோச்கிட்ட வேற ஆள் வேணாம்னு சொல்லிடறேன். தெரியலன்னா வரமாட்டீங்கன்னு அர்த்தமில்ல" என்றாள். போனை வைத்துவிட்டுக் கிடங்கின் பின்பக்கம் போய் அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடைசி ஞாயிறு எங்கள் எதிரில் கேலமின் அணி. இடது ஓரத்தில் ஹேமிஷ். ஆட்டம் முக்கால்வாசி ஓடியபோது அவன் எங்கள் ஆட்கள் மூவரைத் தாண்டிப் போய் வலைக்குள் அடித்தான். யாழினி "ஹேமிஷ்!" என்று கத்திக் கைதட்டினாள். நானும் தட்டினேன். என்னைப் பார்த்துக் காய் பொறுக்குகிற பெண்களும் தட்டினார்கள்.

"செயிச்சுட்டீங்களா அப்பு?" என்றார் பேச்சியக்கா.

"இல்லக்கா. கோல் நம்ம மேலதான் விழுந்திருக்கு."

"பெறகு எதுக்குக் கைதட்டுனீங்க?"

"அடிச்சவன் நாங்க வளத்த பையன்."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "அப்பத் தட்ட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி முறத்தை இழுத்துக்கொண்டார்.

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. ஹேமிஷைச் சுற்றி இரண்டு ஆட்களை நிறுத்தி அவனை நகரவிடாமல் செய்யலாமா என்று கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எங்கள் உதவிப் பயிற்சியாளர் கேட்டார். நாங்கள் இருவரும் சம்மதித்தால்தான் நடக்கும். இரண்டு பக்கமும் ஆள் நிற்க, நடுவில் நகர முடியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"என்னப்பா செய்யலாம்? அவனைப் பிடிச்சு வைக்கலாமா, விட்டுடலாமா?"

"விட்டுரும்மா."

"அப்ப நம்ம டீம்?"

அவளுக்கு மணி பன்னிரண்டே முக்கால், எனக்கு ஐந்தேகால். எங்கள் இருவர் பெயரும் திரையில் ஒரே பெட்டிக்குள் இருந்தன. ஹேமிஷ் பந்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் எங்கள் பக்கம் ஓடிவர ஆரம்பித்தான்.