நீடாமங்கலம் கேட்டில் கொதித்த வண்டி

நேற்று மத்தியானம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்...

புறங்கையில் கட்டோடு டைப் பண்ணுகிறேன். டைப்பிங் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அட்வென்ச்சர் பைக்கை உங்களுக்குத் தெரியும். (லடாக் போக வாங்கியது. இதுவரை போன அதிகபட்ச தூரம் வேளாங்கண்ணி. சிரிக்காதீர்கள்!)

நேற்று அதில் மூன்று பேர். முன்னால் நான். நடுவில் செந்தில் மாமா. பின்னால் அவரை இறுக்கிப் பிடித்தபடி அவர் மனைவி, என் அக்கா வசந்தி.

வயலில் உளுந்துக் கட்டைத் தூக்கும்போது மாமா காலில் பாம்பு போட்டுவிட்டது. கண்ணாடி விரியன்!

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். பக்கத்து வண்டியெல்லாம் வேறு கேஸில் இருந்தது. "காத்திருக்காதீங்க. பைக்ல நடுவுல உக்கார வச்சு, காலை அசைக்காம கொண்டு போயிருங்க" என்று போனில் பேசியவரே சொன்னார். மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

உளுந்து சீசனில் எங்கள் ஊர் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அது ரோடு இல்லை, களம்! பிடுங்கிய செடியைத் தாரில் பரப்பி வைத்துவிடுவோம். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்து உளுந்தை உதிர்த்துக் கொடுக்கும். (அடிக்கிற கூலி மிச்சம்.)

மற்ற நாளில் எனக்கும் அது ஜாலிதான். நேற்று டயர் வழுக்கிக்கொண்டு போனது. மூன்று பேர் கனம், மண்டையைப் பிளக்கும் வெயில், இரண்டாவது கியரைத் தாண்ட முடியவில்லை. தூசியும் சருகும் கண்ணை மறைத்தன.

"மெதுவாப் போ மாப்ள," என்றார் மாமா.

"வேகமாப் போடா! கால் வீங்குதுடா!" என்று அக்கா கத்தினாள்.

மீட்டரில் டெம்பரேச்சர் ஒவ்வொரு கோடாக ஏறிக்கொண்டே இருந்தது. ரேடியேட்டர் ஃபேன் அலறியது. முழங்காலில் அனல் அடித்தது.

நீடாமங்கலத்துக்குள் நுழையும்போது மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

பயந்துவிட்டேன். இன்ஜின் ஜாம் ஆனால் மாமா நடுரோட்டில் கிடப்பார். எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

அப்போதுதான் கேட் மூடியது.

"நாசமாப் போற கேட்டு! இன்னிக்கும் மூடணுமா?" அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

இன்ஜினை அணைத்தேன். சாவியை மட்டும் ஆனில் விட்டேன், ஃபேனாவது சுற்றட்டும் என்று. பாம்புக்கடி என்று தெரிந்ததும் பக்கத்தில் நின்ற நாலு பேர் ஓடிவந்து, மாமாவும் அக்காவும் இறங்காமலே வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏம்ப்பா, பின்னாடி கார் நிக்கிது, அதுல ஏத்துங்களேன்," என்றார் ஒருவர்.

"கேட்டு தொறந்தா ரெண்டு பக்கமும் முட்டிக்கிட்டு நிக்கும். கார் எப்பங்க அந்தாண்ட போறது? பைக்குதான் சந்துல பூரும்," என்றாள் அக்கா. உண்மை. இந்த கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இன்னொருவர் ரேடியேட்டர் மூடிக்கே கையைக் கொண்டு போய்விட்டார். "இத தொறந்து தண்ணிய ஊத்து தம்பி!"

"தொடாதீங்க! மூஞ்சில அடிக்கும்!"

நான் போட்ட சத்தத்தில் அவர் இரண்டடி பின்னால் போனார். (அண்ணே, படித்தால் மன்னிச்சிருங்க.)

அப்போது மாமா முனகினார். "மாப்ள... முன்னாடி பாரு. வலை."

"என்ன வலை மாமா?"

"போன வாரம் பிரஷ்ஷ வச்சு வண்டி முன்னாடி இருக்க அந்த ஜன்னலத் தேச்சுகிட்டு இருந்தியே... சருகு போயி அடைக்கக் கூடாதுன்னு கொசுவலைய மடிச்சுக் கட்டிவிட்டேன். இன்னிக்குக் காலைல, நீ தூங்கும்போது."

குனிந்து பார்த்தேன். ஐயோ!

முன்சக்கரத்துக்குப் பின்னால், ரேடியேட்டரை மூடி, நாலு மடிப்புக் கொசுவலை. அதில் உளுந்துச் சருகு மெத்தை மாதிரி அப்பியிருந்தது. பொட்டுக் காற்று போக வழியில்லை!

பிய்த்தேன். சைலன்சர் பைப்பில் புறங்கை பட்டுத் தோல் வழன்றது. வலி அப்போது தெரியவில்லை. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா ஒரு குடம் தண்ணீரை நீட்டினார். "பிஞ்சுக் கூறு மேல தெளிக்கற தண்ணிப்பா, ஊத்து." சூடான இன்ஜின் மேல் படாமல், ரேடியேட்டர் இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஆவி பறந்தது.

கூட்ஸ் ரயில் வந்தது.

அது சீக்கிரம் போக வேண்டும், மாமாவுக்காக. மெதுவாகப் போக வேண்டும், இன்ஜினுக்காக. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் நின்றேன். ஒரு கண் ரயில் மேல், ஒரு கண் மீட்டர் மேல். ஒரு கோடு இறங்கியது. பிறகு இன்னொன்று. மாமாவின் தலை என் அக்காவின் தோளில் சாய்ந்துவிட்டது.

"என்னங்க, தூங்காதீங்க! என்னப் பாருங்க!"

கடைசிப் பெட்டி போனது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பிடித்தது!

"பாம்புக்கடி! வழி விடுங்க!" வண்டியைத் தாங்கிய நாலு பேரும் முன்னால் ஓடி வழி பண்ணிக் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கத்துப் பஸ் கூட ஒதுங்கியது. கேட் தாண்டியதும் காற்று நேராக ரேடியேட்டரில் அடித்தது. மன்னார்குடி வரை சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மாமாவின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தார்கள். உறையவில்லை. விஷம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். மருந்து ஏற்றினார்கள். இரவெல்லாம் நானும் அக்காவும் வராண்டாவில் உட்கார்ந்திருந்தோம்.

இன்று காலை எடுத்த ரத்தம் உறைந்தது!

கேட்டில் நின்றவர்களே, உங்கள் பெயர் கூடக் கேட்கவில்லை. கோடி நன்றி. பைக் வைத்திருக்கிற டெல்டா மக்களே, ரேடியேட்டருக்குக் கம்பித் தடுப்பு போடுங்கள், துணியும் வலையும் வேண்டவே வேண்டாம்.

மாமாவிடமும் இதையே நாலு வார்த்தை உறைப்பாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வார்டுக்குள் போனேன். ராத்திரி முழுக்க மனசுக்குள் திட்டி வைத்திருந்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"மாப்ள, என்னால உன் வண்டி கெட்டுப்போச்சாடா?"

"இல்ல மாமா. நல்லாருக்கு."

"அப்பறம் ஏன்டா அழுவுற?"