பாலத்தின் இந்தப் பக்கம்

மாவடிப்பள்ளிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் நித்திரை கொள்வதாகவே என் பிள்ளைகள் நினைத்து வந்திருக்கிறார்கள். அம்பாறையிலிருந்து காரைதீவுக்கு வரும் பாதையில், வயல்வெளிக்கு நடுவே அது வரும். வருவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வேன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாளிலிருந்து, தண்ணீருக்கு மேலே நிற்பது என்னால் முடியாத காரியமாகிவிட்டது. அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி நிறுத்தியவன், பாலத்துக்குப் பயம் என்று யாரிடம் சொல்வது? சொல்லாமல் மறைத்தேன். அந்த மறைப்பினால் போன வருடம் சீனாவில் என் மனைவியைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

மகனுக்குக் கல்முனையில் புடவைக் கடை. துணி எடுக்க ஷாவோசிங் என்ற நகரத்துக்குப் போய்வருவான். தெருக்களைப் போலவே கால்வாய்களும் ஓடுகிற பழைய ஊர் அது. எங்கள் இருவருக்கும் அதைக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஒரு காலையில் துணிச் சந்தைக்குப் போகும் வழியில், பல நூறு வருடப் பழமையான கல் பாலம் ஒன்றின் அடியில் எங்களை இறக்கிவிட்டான்.

"பகல் லுஹர் தொழுகைக்கு முதல் வந்திருவன் வாப்பா. உம்மா ஊசி போட்டிரிக்கா. சாப்பாட்ட மறந்திராதீங்க."

"நான் என்ன சின்னப் புள்ளயா?" என்றேன்.

மனைவிக்குப் பல காலமாகச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போட்டால் தாமதிக்காமல் சாப்பிட வேண்டும். ஹோட்டல் சாப்பாட்டில் எது ஹலால், எது இல்லை என்று தெரியாததால் அவள் அதைத் தொடமாட்டாள். ஊரிலிருந்து கொண்டுபோன பிஸ்கட்டும் பேரீத்தம்பழமும்தான் அவளுடைய காலைச் சாப்பாடு. பாலத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று யோசனை சொன்னவன் நான். பையும் என் தோளில்தான் இருந்தது.

அந்தப் பாலம் அகலமில்லாதது. தேய்ந்து வழவழத்த கற்படிகள் மேலே ஏறிப் போயின. இரண்டு பக்கமும் கல்லால் கட்டிய கைப்பிடிச் சுவர், என் இடுப்புக்கும் வராது. கீழே கால்வாய், பாசி நிறத்தில், அசைவில்லாமல் கிடந்தது. அலை இல்லாத தண்ணீர்தான். ஆனாலும் அதைப் பார்த்ததும் ஓர் எட்டுப் பின்னால் வந்தேன்.

"ஏறுவமா?" என்றாள் அவள்.

"நீ போ புள்ள. இந்தக் கல்லுல என்னமோ எழுதியிரிக்கி, அதப் பாத்திட்டு வாறன்."

"சீன எழுத்த வாசிக்கப் போறீங்க? வாசிச்சு எனக்கும் சொல்லித் தாங்க."

சிரித்துக்கொண்டே ஏறினாள். உச்சியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கல்லைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவளைக் காணவில்லை.

அந்தப் பக்கம் இறங்கும் படிகள் இரண்டாகப் பிரிந்து எதிரெதிர்த் திசைகளில் போவதை நான் அப்போதுதான் கவனித்தேன். எந்த வழியால் இறங்கினாள் என்று தெரியவில்லை. பார்த்துவிட்டு வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. தோளில் பை உறுத்திய பிறகுதான், அவள் இன்னும் எதுவும் சாப்பிடவில்லை என்பது உறைத்தது.

கூப்பிட்டேன். பதில் இல்லை. என் போன் ஹோட்டல் வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். அவளிடம் போனே இல்லை. சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை மறித்து ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

படியில் கால் வைத்தேன். சில படிகள் ஏறியதும் பக்கத்தில் தண்ணீர் தெரிந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி பின்னோக்கி இறங்கி, அடிப்படியில் உட்கார்ந்தேன். சீனி குறைந்தால் அவளுக்கு முதலில் வியர்க்கும், பிறகு கை நடுங்கும், பிறகு நின்ற இடத்திலேயே சரிவாள். வீட்டில் அப்படிச் சரிந்தபோது கட்டில் இருந்தது. இங்கே பாதையின் ஓரமெல்லாம் தண்ணீர். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தேன். அல்லாஹ்விடம் அவளைக் கேட்டேனா, அந்தப் பாலத்தில் ஏறாமல் இருக்க ஒரு வழியைக் கேட்டேனா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"உம்மா எங்க?"

துணிச் சந்தையிலிருந்து திரும்பிய மகன் முன்னால் நின்றான்.

"இப்பதான் அந்தப் பக்கம் போனா," என்றேன்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன்? வெட்கம்தான். அதை நம்பி அவன் அவசரப்படாமல், போனைப் பார்த்துக்கொண்டே படியேறினான். ஓடு என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் முதல் சொன்னது பொய்யாகிவிடும். சொல்லவில்லை.

நல்லவேளை, அவள் உயிரோடு இருந்தாள். தண்ணீரோரம் ஒரு வீட்டு வாசலில் சுவரோடு சாய்ந்திருந்தாளாம். அந்த வீட்டுச் சீனக் கிழவி தோடம்பழம் உரித்து ஒவ்வொரு சுளையாக வாயில் வைத்துக்கொண்டிருந்தாளாம். வாகனத்தைச் சுற்றி வரவழைத்து, வேறு வழியால் மகன் அவளைக் கூட்டிவந்தான். அவளுடைய முக்காடு வியர்வையில் நனைந்திருந்தது. நான் பையைத் திறந்து பேரீத்தம்பழத்தை நீட்டினேன்.

"நீங்க இப்பதான் போன எண்டு வாப்பா சொல்றாரு. அதுக்குள்ள இப்பிடி ஆகிட்டா உம்மா?" என்று மகன் கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"ஓம் மகன், இப்பதான் போன," என்றாள்.

அதன் பிறகு ஊர் திரும்பும்வரை அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த வேன் மாவடிப்பள்ளியை நெருங்கியது. மகன் முன் ஆசனத்தில் உறங்கிக்கொண்டிருந்தான். வழக்கம்போல் நான் கண்ணை மூடினேன்.

"நித்திர இல்ல எண்டு எனக்குத் தெரியும்," என்றாள் என் காதோடு. "இந்தப் பாலத்துல நீங்க ஒருநாளும் நித்திர கொள்ளல்ல."

நான் கண்ணைத் திறக்கவில்லை.

"அங்கயும் பாத்துக்கிட்டுத்தான் இரிந்தன். பாலத்துக்குக் கீழால உங்கட தொப்பி தெரிஞ்சிச்சி. எழும்ப ஏலாமப் போச்சு. கூப்பிட்டன், சத்தம் வரல்ல. வருவீங்க எண்டு பாத்தன்."

வேன் பாலத்தைக் கடந்தது. டயரின் சத்தம் மாறியதில் அது தெரிந்தது. என் மடியிலிருந்த பையை அவள் மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

மகனிடம் இன்னும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இதை வாசித்து அறியட்டும். அவள் இப்போது பக்கத்துக் கடைக்குப் போவதென்றாலும் அந்தப் பையோடுதான் போகிறாள். ஒருநாள், "தாவன், நான் கொண்டுவாறன்," என்று பைக்குக் கையை நீட்டினேன்.

"வேணாம், பாரமில்ல," என்றாள்.