நாங்கள் சண்டை போட்டுக் காப்பாற்றிய கேம்

இன்று காலை கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

நம்ம கேமுக்காகத்தான். படங்களோடு கதையை வாசித்து, நடுநடுவே முடிவெடுத்துக்கொண்டே போவோமே, அதுதான். வெளிநாட்டில் இருக்கும் கணவனின் போனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை.

"சுடவும் இல்ல, ஓடவும் இல்ல, இதெல்லாம் ஒரு கேமா?" என்று கேமின் விமர்சனப் பக்கத்தில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். பாதிகூட விளையாடவில்லை என்பது எழுத்திலேயே தெரிந்தது. நம் ரசிகர் கூட்டமே அவர் மேல் பாய்ந்திருந்தது. நானும் பாய்ந்தேன்.

பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அது நான் செஞ்ச கேம், அக்கா" என்றாள்.

நான் நம்பவில்லை. தன் போனில் கேமை வெளியிட்ட கணக்கைத் திறந்து காட்டினாள்.

"உங்களுக்காகத்தாம்மா சண்டை போடுறோம். விடவே மாட்டோம்" என்றேன் பெருமையாக.

"எல்லாத்தையும் படிச்சேங்க்கா. அவர திட்டித்தான் எழுதியிருக்கீங்க. கதையில எது புடிச்சுதுன்னு ஒருத்தர்கூட எழுதலியே. யாரும் முழுசா படிக்கல போலன்னு ரெண்டாம் பாகத்த பாதியிலயே நிறுத்திட்டேன்."

கடைசியில் போன் அடிக்க அடிக்க, கதாநாயகி எடுக்காமல் துணி காயப்போடப் போவாளே, அங்கே நான் அழுதிருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் முட்லூர் வந்துவிட்டது. பரங்கிப்பேட்டை பஸ்ஸைப் பிடிக்க அந்தப் பெண் இறங்கி ஓடிவிட்டாள்.

என் சண்டையை அழித்துவிட்டு, அழுத கதையை அங்கே எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்களுக்குப் பிடித்த இடத்தைப் போய் எழுதுங்கள். திட்டுவதற்கு நேரம் இருந்தது இல்லையா?