எட்டாவது ட்ராக்கில் கலியமூர்த்தி

கலியமூர்த்தியைக் கொன்றது விழாக் குழு. மின்சாரம் தாக்கி இறந்தான் என்று செய்தி போட்டார்கள். மின்சாரம் தானாக மேடையேறி வராது. எர்த் இல்லாத இணைப்பைக் கொடுத்தவர்களும், கேட்டவனுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

அன்று நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்துகிற கீபோர்டு லூர்து அண்ணன் போனில் கூப்பிட்டார். "கலிக்கு ஷாக் அட்சிடுச்சிடா. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறோம், நீ அங்க வந்துடு" என்றார். "பேசறானாண்ணா?" என்று கேட்டேன். போன் அணைந்துவிட்டது. நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஷிப்டு மாற்ற முடியாததால், அன்று எனக்குப் பதில் வேறொருவர் பேஸ் கிட்டார் வாசிக்கப் போயிருந்தார். அதனால் நடந்த எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. காதால் கேட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவனை உங்களில் பலருக்கு எங்கள் கச்சேரிகளில் சவுண்டு மிக்ஸர் பக்கத்தில் குனிந்த தலையாகத்தான் தெரியும். கடலோரத்துப் பிள்ளை; சாரம் பகுதியில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தான். கழித்துப் போட்ட பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கட்டி, எட்டு மைக்கைத் தனித்தனி ட்ராக்காக வாங்கிக்கொள்ளும் சவுண்டு கார்டு ஒன்றைப் பொருத்தினான். மற்ற குழுக்கள் ஸ்டுடியோவில் துண்டு துண்டாகப் பாடி சி.டி. போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இவனுக்கு மூன்று மணி நேரக் கச்சேரியும் முழுசாக வேண்டும், நடந்தபடியே வேண்டும். ஏழு மைக் எங்களுக்கு. எட்டாவதைத் தன் மேஜைக் காலில் கட்டி, கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பான். நாங்கள் வருவதற்கு முன்பே பதிவைத் தொடங்கிவிடுவான். கடைசி வயரைச் சுற்றிய பிறகுதான் நிறுத்துவான்.

"இன்னா முசே, நாங்க டீ குடிக்கிறதையும் பாட்டுல சேக்கப் போறியா?" என்று லூர்து அண்ணன் பிரெஞ்சு மரியாதை போட்டுச் சீண்டுவார்.

"வெட்றது வீட்ல. இங்க எடுக்கறது மட்டுந்தாண்ணா" என்பான். நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

முதல் முழுப் பதிவு சாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஹெட்போனை மாட்டியதும் முகம் சுளித்தான். எல்லா ட்ராக்கிலும் வண்டு மாதிரி ஓர் இரைச்சல். பிளக்கையும் வயரையும் மாற்றிப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்த சாக்கெட்டைக் கழற்றினான். எர்த் கம்பி எங்கேயும் போகாமல் அறுந்து தொங்கியது. மண்டபத்துப் பின்னால் கடப்பாரையோடு போய்விட்டான். சமையல்காரரிடம் அடுப்புக்கரியும் கல்லுப்பும் வாங்கிக் குழியில் போட்டு, குழாயை இறக்கி, எர்த் கம்பியை அதில் இழுத்துக் கட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். பெண் வீட்டுக்காரர் வந்து, "கச்சேரிக்கு வந்தியா, கெணறு வெட்ட வந்தியாப்பா?" என்றார். இரைச்சல் நின்றது. மண் ஒட்டிய கையோடு மேஜைக்கு வந்து என்னிடம் சொன்னான்: "சத்தத்துக்கு மட்டும் இல்லடா. ஆளுக்குந்தான்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பாடகி விஜயா ஒரு கச்சேரியில் இரண்டாவது சரணத்தில் ஒரு வரியை மறந்து நின்றுவிட்டாள். மறுநாள் அவன் வீட்டுக்குப் போய், "வேற எடத்துல இருந்து எடுத்து ஒட்டிடுண்ணே, மானம் போவுது" என்று அழுதாள். அவனுக்கு அது இரண்டு நிமிட வேலை. செய்யவில்லை. அவளுடைய ட்ராக்கை அணைத்துவிட்டு எட்டாவதை மட்டும் போட்டுக் காட்டினான். அவள் விட்ட வரியைக் கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. "நீ வுட்டத அவங்க பாடிட்டாங்க. நான் எதுக்கும்மா ஒட்டணும்?" என்றான். அந்த சி.டி.யில் அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது.

இனி அந்த நாள். சமுதாயக் கூடத் திறப்பு விழா, காலைக் கச்சேரி. பெரிய மனிதர்கள் உட்காரும் பந்தலுக்கு ஜெனரேட்டர், மின்விசிறி, ஏர்கூலர். பாடுகிறவர்கள் நிற்கும் இரும்பு மேடைக்குத் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து இரண்டே இரண்டு கம்பி. அவன் போன பிறகு அவன் மனைவி சுமதி அந்தக் கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்து, "நீங்க கேளுங்க, என்னால முடியாது" என்றார். வழக்கம்போல ஆரம்பத்திலிருந்தே பதிவாகியிருந்தது. எட்டாவது ட்ராக்கைப் போட்டேன்.

"அண்ணே, எர்த்து இல்ல. ஜெனரேட்டர்ல இருந்து ஒரு லைன் குடுங்க" என்கிறான். "அது தாங்காதுப்பா. தலைவர் வந்துடுவாரு, நீ ஆரம்பி" என்று விழாக் குழுவில் ஒருவரின் குரல். நான்காவது பாட்டு முடிந்ததும் விஜயா சொல்கிறாள்: "மைக்கு ஒதட்டுல கடிக்குதுண்ணே." மைக்கைக் கொடு என்கிறான். தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தான் என்று விஜயா பின்னால் சொன்னாள். மறுபடியும் போய்க் கேட்கிறான். "அப்புறம் பாக்கலாம்டா, சும்மா நொய் நொய்னாத" என்கிறது அதே குரல். பிறகு மழை தூறும் சத்தம். மூன்றாவது முறை, "அண்ணே, மேடை நனையுது, எர்த்து குடுங்க" என்கிறான். அடுத்த பாட்டு தொடங்குகிறது.

கச்சேரி முடிந்து, அவன் மைக் ஸ்டாண்டுகளை எடுக்க மேடைக்குப் போகிற இடம் வரை கேட்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

அவன் ஏன் கச்சேரியை நிறுத்தவில்லை என்று கேட்கிறார்கள். முந்தைய வருடம் வேறொரு விழாவில் இதே காரணத்துக்காக நிறுத்தினோம். "கூத்தாடிப் பசங்களுக்கு இவ்ளோ திமிரா?" என்று மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆறு மாதம் அந்தப் பக்கத்தில் ஒருவரும் எங்களைக் கூப்பிடவில்லை. அவர்களுக்குப் பாடுகிறவன் வேண்டும்; அவன் பாட வாய் திறக்கலாம், எதையும் கேட்கத் திறக்கக் கூடாது.

காரியம் முடிந்த மறுநாள் விழாக் குழுவினர் ஒரு தாளோடு சுமதியிடம் வந்தார்கள். 'அவரது சொந்தக் கவனக்குறைவால்' என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. சுமதி பேனாவை வாங்கவில்லை. "இதுல நான் கையெழுத்து போட்டா, என் வூட்டுக்காரரு வேல தெரியாதவருன்னு நானே சொன்ன மாரி ஆவும்" என்றார். இரண்டு முறை வந்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுபடியும் வருவார்கள்.

அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரு பழக்கம். எந்த மேடைக்குப் போனாலும், கிட்டாரை உறையிலிருந்து எடுப்பதற்கு முன் எர்த் எங்கே என்று கேட்கிறேன். காட்டினால்தான் எடுக்கிறேன். இனி யார் திமிர் என்று சொன்னாலும் சொல்லட்டும்.

போன வாரம் படத்திறப்புக்கு விழாக் குழுவினர் மாலையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். லூர்து அண்ணன் எட்டாவது ட்ராக்கை ஒலிபெருக்கியில் போட்டார். மூன்று முறையும் அவன் கேட்டதை அவர்கள் கேட்டார்கள். தங்கள் குரலையும் கேட்டார்கள். காபி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அங்கே அவர்களிடம் நான் கேட்டதையே இங்கே எழுத்தில் கேட்கிறேன். அந்தத் தாளைத் திரும்பக் கொண்டு வாருங்கள். சுமதியின் கண்ணெதிரே 'கவனக்குறைவு' என்ற சொல்லை அடியுங்கள். அடித்த இடத்தில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.