அப்பாவின் நெற்றிச் சூடு

ரொட்டிக் கடையின் பின்கட்டில் அவளுக்கு ‘ஆறட்டும்’ என்று பட்டப்பெயர். சூடு தணியாத ரொட்டியை உறையில் போட்டால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும். அதனால் முதலாளியே வந்து அவசரப்படுத்தினாலும் அவள் வாயில் அந்த ஒரு சொல்தான் வரும். ரொட்டியைத் தொடாமலே சூட்டைக் காட்டும் துப்பாக்கி போன்ற கருவி ஒன்று அவள் கையில் எப்போதும் இருக்கும்.

அவளும் அப்பாவும்தான் வீட்டில். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அப்போதுதான் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். உடம்புச் சூடு முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸைத் தொட்டால் காத்திருக்கக் கூடாது, உடனே கூட்டி வர வேண்டும், உள்ளே சீழ் பிடித்தால் முதலில் காய்ச்சல்தான் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. அன்று சாயங்காலம் முதலாளியிடம் கேட்டு ரொட்டிக் கருவியையே கொண்டுவந்தாள். அப்பாவின் நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தினாள். முப்பத்து மூன்று.

“என்னம்மா, வெந்துட்டேனா? எடுத்து அடுக்கலாமா?” என்றார் அப்பா.

மின்விசிறிக்குக் கீழே இருந்த கட்டிலில் வைத்துப் பார்த்தால் முப்பத்தொன்று. அந்தக் கணக்குப்படி அப்பா எப்போதோ விறைத்திருக்க வேண்டும். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கருவி காட்டுவது மேல்தோலின் சூட்டை மட்டும். கடையில் என்றால் சந்தேகத்துக்கு ஒரு ரொட்டியைப் பிட்டுப் பார்த்துவிடுவாள். அப்பாவை என்ன செய்வது?

மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரரோ பொறுமைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் நின்றார். நெற்றிக்குக் காட்டுவது, காதுக்குள் வைப்பது, அக்குளில் வைப்பது என்று மூன்றை மேஜைமேல் தள்ளினார். எத்தனை விரல்கடை தள்ளிப் பிடிக்க வேண்டும், எவ்வளவு முன்பின் காட்டும் என்று அவள் கேட்டாள். “எல்லாம் ஒண்ணுதாம்மா. இதுல பாருங்க, காய்ச்சல்னா சிவப்பு லைட் எரியும்” என்றார். அவளுக்கு லைட் வேண்டாம், பதில் வேண்டும். அந்த நேரம் பார்த்து வெளியூரிலிருந்து அண்ணன் போனில் வந்தான். அப்பாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காதவன், காதில் வைப்பதைத்தான் வாங்க வேண்டும் என்று கால்மணி நேரம் பாடம் எடுத்தான். அப்பா காதைத் தொடவிட மாட்டார், அக்குளில் வைத்தால் ஒரு நிமிஷம் கையை ஆட்டாமல் இருக்க மாட்டார். கடைசியில் பெட்டிகளை அவளே திருப்பித் திருப்பிப் படித்து, உடம்புக்குத் தனியாகவும் பொருட்களுக்குத் தனியாகவும் பொத்தான் இருந்த நெற்றிக் கருவியை வாங்கினாள்.

வீட்டில் அதன் தாளை எழுத்து விடாமல் படித்தாள். நெற்றி உலர்ந்திருக்க வேண்டும், முடி மறைக்கக் கூடாது, காற்று படக் கூடாது. காலையும் மாலையும் மின்விசிறியை நிறுத்தி, அப்பாவின் முடியை ஒதுக்கி, நடு நெற்றிக்கு நேரே பிடித்தாள். முப்பத்தைந்தரை. முப்பத்தாறு. ஒரு தடவை முப்பத்தைந்துக்கும் கீழே.

ஆனால் அப்பாவின் உள்ளங்கை அடுப்புமேல் வைத்த தட்டு மாதிரி இருந்தது. கஞ்சி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், “அதான் மிஷினே சொல்லுதே” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மிஷினை நம்பி அவளும் வேலைக்குப் போனாள். போன இடத்தில் கை ஓடவில்லை. ஒரு தட்டு ரொட்டியைச் சூட்டோடு உறையில் போட்டுவிட்டாள். ‘ஆறட்டும்’ அக்காவுக்கே அவசரமா என்று அடுப்புக்காரர் சிரித்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். பிரித்த பெட்டியை எடுப்பதில்லை என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, தன் நெற்றியிலேயே ஐந்தாறு தடவை வைத்துப் பார்த்தாள். எல்லாத் தடவையும் முப்பத்தாறரைதான், ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அவள் நெற்றியில் ஒழுங்காக இருக்கிற கருவி அப்பாவின் நெற்றியில் மட்டும் ஏன் பிசக வேண்டும்?

வழக்கமாக, “அப்பா, காய்ச்சல் பார்க்கணும்” என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவாள். அன்று குரலும் கொடுத்தாள், கூடவே அறைவாசலுக்கும் வந்துவிட்டாள். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, குடிக்கிற தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து நெற்றியை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

“எப்ப இருந்து இது?” என்றாள்.

“நீ இதை வாங்கிட்டு வந்த மறுநாள்ல இருந்து.” அவர் கைக்குட்டையைத் தலையணைக்கு அடியில் தள்ளப் பார்த்தார். “மறுபடி அங்க போனா திரும்பி வரமாட்டேன்னு தோணுதும்மா.”

“அதுக்கு என்னை ஏமாத்துவீங்களா? அந்த நம்பரைப் பார்த்துட்டு நான் உங்களைத் தனியா விட்டுட்டு வேலைக்குப் போனேம்பா.”

அவள் துண்டை எடுத்து நெற்றியை ஒற்றினாள். கை வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தமாகத்தான் விழுந்தது. பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு, முக்காலியைக் கட்டிலோரம் இழுத்துப்போட்டு, நெற்றி நன்றாக உலரும்வரை அவர் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்தெட்டரை. சிவப்பு லைட் எரிந்தது.

“இன்னொரு தடவை பாரேன்.”

“பார்த்தாச்சு. சட்டையைப் போடுங்க.”

வாடகைக் காரில் வழிநெடுக, டிரைவருக்கு கியர் மாற்றத் தெரியவில்லை என்று அப்பா முனகிக்கொண்டே வந்தார். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தார், கட்டைப் பிரித்துப் பார்த்தார். டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் கட்டத் தொடங்கியிருக்கும் போலிருக்கிறது, ஸ்கேன் எடுக்க வேண்டும், மருந்து ஏற்றப் படுக்க வைக்க வேண்டும் என்றார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றும் சொன்னார்.

“எப்ப இருந்து காய்ச்சல்?” நர்ஸ் அவளைத்தான் கேட்டார்.

அவளிடம் இருந்ததெல்லாம் ஈர நெற்றி காட்டிய எண்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க இப்படி இருக்கீங்க? அவ்வளவு சொல்லி அனுப்பினேனே. வீட்ல ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைக்கக் கூடாதா?”

நெற்றிக் கருவியை எடுத்துக் காட்டப் பைக்குள் கையை விட்டவள், விட்டபடியே நின்றாள்.

“அவளைத் திட்டாதீங்க சிஸ்டர்” என்றார் அப்பா, மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மூணு நாளா இருக்கு. அவளுக்குத் தெரியாம நான்தான் மறைச்சேன்.”

நர்ஸ் அதைக் குறித்துக்கொண்டு ஊசி எடுக்கப் போனார். அவள் கோபம் இன்னும் இறங்கவில்லை. அப்பாவின் செருப்பைக் காலிலிருந்து உருவி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.