பதுளைக்கு ஒரு பழுதான பெட்டியோடு

2003 ஆகஸ்ட், சனிக்கிழமை, காலை 5.40.

கோட்டை ரயில் நிலைய வாசலில் சிப்பாய் ஒருவன் என்னை மறித்து, கையிலிருந்த பிஸ்கட் தகரத்தைத் திறக்கச் சொன்னான். உள்ளே பச்சைப் பலகை ஒன்று, அதில் வரிசையாகக் கறுப்புப் பூச்சிகள் மாதிரி சிப்புகள், ஓரத்தில் நாலைந்து வயர்கள். சமாதான காலம் என்பதால் தப்பினேன். மூன்று வருடங்களுக்கு முந்தி என்றால், என்னைப் போன்ற ஒரு தமிழன் இப்படியொரு பெட்டியோடு கோட்டைப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டான். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். கணினி என்றேன். திரை எங்கே என்பதுபோலத் தகரத்தின் அடியைத் தட்டிப் பார்த்தான். சிரித்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

பதுளைக்கு இரண்டாம் வகுப்புச் சீட்டு நூற்றெழுபது ரூபாய். தூரம் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். நேரம், ரயிலின் மனம்போல.

வழி நீளம். ஆகையால் பெட்டியின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1982இல் லண்டனிலிருந்து மாமா அனுப்பியது இது. அந்தக் காலத்தில் வீட்டுக் கணினி முழுசாக வராது. பலகை தனி, சிப்புகள் தனி, ஒரு பை நிறைய உதிரிகள், ஒரு புத்தகம். கட்டிச் சேர்ப்பது நம் பாடு. அண்ணனுக்கு இருபது வயது, எனக்குப் பதினாறு. வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கிழமை வேலை நடந்தது. ஈயம் வைத்து ஒட்டுவது அண்ணன். அவர் பலகையில் ஒட்டிய குழிகளில் சிப்புகளைப் பொருத்துவது நான். அப்பாவையும் அயலவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் தொலைக்காட்சியில் கொளுவினோம். திரையில் நெளிந்த கோடுகள்தான் ஓடின. ஒரு மாதம் மல்லுக்கட்டியும் கோடுகள்தான்.

"அண்ணா ஈயம் சரியா ஒட்டேல்லை" என்று அப்பாவிடம் சொன்னது நான்.

அண்ணனுக்கு அந்த வருடம் மின்னணுவியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. "இது உனக்குச் சரிவராது" என்று அப்பா அவரைக் கணக்கியலுக்கு அனுப்பினார். நாலு வருடம் கழித்து நான் கணினி படிக்கப் போகிறேன் என்றபோது அப்பா மறுக்கவில்லை. இன்று நான் கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். அண்ணன் டொரொன்டோவில் ஏதோ ஒரு கிடங்கின் கணக்குகளோடு இருக்கிறார். தீபாவளிக்குப் பேசுவோம். பெட்டியைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை.

அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகையொன்றில் நாலு வரி விளம்பரம் கண்ணில் பட்டது. "கட்டிச் சேர்க்கும் பழைய வீட்டுக் கணினிகளை எறிய வேண்டாம். திருத்தித் தருவோம். பதுளை." எனக்குச் சிரிப்பு வந்தது. வங்கியில் நாங்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கணினிகளைப் பாரவண்டியில் ஏற்றி வீசுகிறோம், இவர்கள் இருபது வருடத்துப் பலகைகளைத் தேடுகிறார்கள். ஆனாலும் புத்தகத்திலிருந்த வரைபடத்தின் பிரதியோடு கடிதம் போட்டேன், ஞாயிறு காலை பதுளை பஸ் நிலையத்துக்கு வரச்சொல்லிப் பதில் வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பெட்டி திருந்தவேண்டும் என்ற ஆசை அவ்வளவு இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்து, "ஆமாம், ஈயம்தான் பிழை" என்று சொல்லவேண்டும். இருபத்தொரு வருடமாக நான் சொல்லிவந்தது சரி என்று ஆகவேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பிற்பகல் 3.20, பண்டாரவளை.

லீக்ஸ் மரக்கறி மூட்டையோடு ஒரு வியாபாரி ஏறி என் எதிரே உட்கார்ந்தார். நான் தகரத்தை மடியில் அணைத்திருப்பதைச் சற்று நேரம் பார்த்தார்.

"பொட்டியில என்னாங்க, கோழிக்குஞ்சா?"

"இல்லை, கொம்பியூட்டர்."

"இத்துனூண்டா?" என்றார். பிறகு, "ஓடுமா?" என்றார்.

"ஓடாது."

"ஓடாததையா இம்புட்டு பத்திரமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, லீக்ஸ் மூட்டையில் சாய்ந்து தூங்கிப்போனார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

தெமோதரையில் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, சற்று முன் தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. வந்த வழியைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கலாம். பதுளையில் இறங்கியபோது ஐந்து மணி. நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் அறை நானூறு ரூபாய், வெந்நீர் உட்பட. வெந்நீர் வந்தது உண்மையிலேயே ஆச்சரியம்.

ஞாயிறு, காலை 8.00.

பஸ் நிலையத்தில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். விளம்பரம் கொடுத்தவர் நடராசா, கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் முப்பது வருடமாக இங்கேயே நின்றுவிட்டார். கூட வந்தவர் புஷ்பவல்லி. நாற்பது வயதுக்குள் இருக்கும், கடைவீதியில் சொந்தமாக வானொலி, தொலைக்காட்சி திருத்தும் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் ஐந்து வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்.

"வாங்கோ. பெட்டியை இறுக்கிப் பிடிச்சே களைச்சுப் போனியள் போல" என்றார் நடராசா.

"மழ வர்றதுக்குள்ள மேல போயிருவோங்க" என்றார் புஷ்பவல்லி.

பசறை வீதியில் பத்தாவது கிலோமீற்றரில் இறங்கி, தேயிலைக்கு நடுவே இரண்டு கிலோமீற்றர் ஏற்றம். அவர்களுடைய வேலைத்தலம் தோட்டத்துத் தொழிற்சாலையின் மேல்மாடி, கொழுந்தை வாட்டுகிற இடம். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஒரு மூலையை இவர்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். இந்த மலைகளில் மழையும் பனியும் எதையும் துருப்பிடிக்கவைத்துவிடும். கீழேயிருந்து சூடான காற்று ஏறி எப்போதும் காய்ந்திருக்கும் ஒரே இடம் இதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் வேலை. மற்ற நாட்களில் இயந்திரங்கள் ஓடும்போது மின்சாரம் பேய்பிடித்த மாதிரி ஏறி இறங்கும்.

மேசையில் திருத்தி முடித்த பெட்டிகள் மூன்று இருந்தன. கண்டியிலிருந்து ஒன்று, மொனராகலைக் கரும்புத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து ஒன்று, நடராசாவின் சொந்தப் பெட்டி ஒன்று. அந்தச் சொந்தப் பெட்டியைத்தான் முதலில் கெடுத்தார்களாம். நன்றாகக் காயட்டும் என்று கொழுந்துக்கு அருகில் காற்றில் வைத்துவிட்டுப் போக, மறுவாரம் வந்து பார்த்தால் குழிகளுக்குள் எல்லாம் தேயிலைத் தும்பு.

"அண்டைக்குச் சுவிச்சைப் போட்டிருந்தால் நல்ல வாசமாய் எரிஞ்சிருக்கும்" என்றார் நடராசா.

நான் தகரத்தைத் திறந்தேன். கேட்காமலே சொல்லவும் சொன்னேன். "ஈயம் ஒட்டினதிலைதான் பிழை. அதைப் பாருங்கோ."

புஷ்பவல்லி பலகையைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியை வைத்து, வரிசை வரிசையாகப் பார்த்தார். கால் மணி நேரம் ஆனது. வங்கியில் ஐந்து நிமிடம் ஒன்றைப் பொறுமையாகப் பார்க்கிறவர்களை நான் கண்டதில்லை.

"இது யாரு செஞ்சது சார்?"

"என்ரை அண்ணா."

"சுத்தமான கைங்க. ஒரு எடத்துலயும் ஈயம் வழியல, ஒரு எடத்துலயும் பத்தாம போகல. நான் இப்ப செஞ்சாலும் இப்பிடி வராது."

"பிறகு ஏன் வேலை செய்யேல்லை?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பெரட்டு வச்சுப் பாப்போங்க."

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. யார் வந்தார்கள், யாருக்கு எந்த மலையில் வேலை என்பது அங்கேதான் தீர்மானமாகும். தேயிலைக் காட்டின் ஒவ்வொரு பகுதியையும் இங்கே மலை என்கிறார்கள். இவர்கள் அந்த வழக்கத்தைச் சிப்புகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற அலுமினியத் தாளை மேசையில் விரித்தார் புஷ்பவல்லி. வெறும் துணியில் வைத்தால் சிப்பு கெட்டுப்போகுமாம். தட்டையாக அடித்த குடைக்கம்பியால் சிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, பலகையில் இருந்த அதே ஒழுங்கில் தாளில் நிறுத்தினார். நடராசா தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான பழைய செக்ரோல் புத்தகமொன்றை விரித்தார். ஆட்களின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், என் பெட்டியின் வரைபடத்தைப் பார்த்துச் சிப்புகளின் இலக்கங்களை முதல் நாளே எழுதி வைத்திருந்தார்.

அவர் ஒவ்வோர் இலக்கமாகக் கூப்பிட, புஷ்பவல்லி கண்ணாடியால் பார்த்துப் பதில் சொன்னார். கச்சேரி மனிதரின் குரல் அந்தக் காலி மாடியில் கணீரென்று கேட்டது.

"முதலாம் வரிசை, பத்து?"

"வந்திருக்கு."

"முப்பத்திரண்டு?"

"வந்திருக்கு."

"ரெண்டாம் வரிசை, நாலு?"

புஷ்பவல்லி கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"நாலு வரல்லங்க. இந்த எடத்துல அஞ்சு நிக்கிது."

நடராசா விரலை ஒரு வரி கீழே இறக்கினார். "அஞ்சு?"

"அந்த எடத்துல நாலு நிக்கிது. ரெண்டு பேரும் மல மாறி நிக்கிறாங்கய்யா!"

இரண்டு சிப்புகள். ஒரே அளவு, ஒரே கால்கள், முதுகில் எழுதிய இலக்கத்தில் கடைசி எண் மட்டும் வேறு. ஒன்று நிற்கவேண்டிய இடத்தில் மற்றது. இருபத்தொரு வருடம்.

அவர்கள் இரண்டையும் மாற்றினார்கள். காய்ந்துபோயிருந்த ஒரு பாகத்தைக் கழற்றிப் புதிது போட்டார்கள். குழிகளைப் பெயின்ட் தூரிகையால் துடைத்தார்கள். நான் யன்னலோரம் நின்று, மழையில் தேயிலை நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காது சுட்டது.

பிற்பகல் 1.15. புஷ்பவல்லி சின்னக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியைப் போட்டார். "நீங்களே அமுக்குங்க சார்" என்றார். அமுக்கினேன். திரை சாம்பல் நிறமாகி, ஒருமுறை நடுங்கி, அமைதியானது. கோடுகள் இல்லை. இடது கீழ் மூலையில் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம், அதற்குள் ஓர் எழுத்து. உத்தரவு கொடு என்று காத்திருந்தது.

நடராசா கை தட்டினார். புஷ்பவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தங்கள் பெட்டியாக இருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா தெரியாது.

பிறகு நடராசா புத்தகத்தைத் திருப்பினார். அவர்களிடம் ஒரு கட்டாயம் இருக்கிறது: எந்தப் பெட்டியும் அதில் எழுதாமல் மாடியை விட்டு இறங்காது. கட்டியவர் பெயர், பிழை என்ன, யாருடைய பிழை.

"எல்லாரும் எழுதியிருக்கிறம்" என்று தன் பெட்டியின் பக்கத்தைக் காட்டினார். "தேயிலைத் தும்பு. பிழை: நடராசா" என்று இருந்தது. "சிப்பு மாத்திப் போட்டது ஆர்?"

"ஞாபகம் இல்லை" என்றேன்.

அவர் பேனாவை எடுக்கவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. புஷ்பவல்லி தேநீர் ஊற்றினார். நான் அரைக் கோப்பை குடித்தேன்.

"நான்தான்" என்றேன். "என்ரை பெயரை எழுதுங்கோ. கட்டினவர் எண்ட இடத்திலை அண்ணாவின்ரை பெயர்."

எழுதினார். அவர் கையெழுத்து அழகானது, அது வேறு எரிச்சலாக இருந்தது.

புறப்படும்போது பெட்டியை அங்கேயே விட்டுவிட்டேன். வெள்ளவத்தையில் என் வீடு கடலுக்கு இருநூறு மீற்றர். உப்புக்காற்று யன்னல் கம்பியையே தின்கிறது. அங்கே எனக்கு மூன்று கணினிகள் இருக்கின்றன. அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இங்கே இரண்டு பேர் வாரத்தில் ஒரு நாள் மலையேறிவந்து, யாரோ எறிந்த பலகையில் ஒவ்வொரு சிப்பையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது.

திங்கள், காலை 7.10.

ரயில் எட்டரைக்கு. கடைவீதியில் அப்போதுதான் திறந்த ஒரு கொமினிகேஷன் கடையில் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே ஞாயிறு இரவு ஒன்பது மணி. தீபாவளி அல்லாத நாளில் என் குரலைக் கேட்டு அண்ணன் பயந்துபோனார்.

"ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. அந்தப் பெட்டி வேலை செய்யுது அண்ணா."

அங்கே ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியை அவர் நிறுத்துவது கேட்டது.

"திரையிலை என்ன வந்தது?"

"சின்னக் கறுப்புச் சதுரம்."

"எந்த மூலை?"

"இடப்பக்கம், கீழ."

"ஓம். புத்தகத்திலை படம் அப்பிடித்தான் இருந்தது" என்றார். பிறகு கேட்டார், "என்ன பிழை?"

"ரெண்டு சிப்பு இடம் மாறியிருந்தது. மாத்தி வச்சது நான். அப்பாவிட்டை அப்பிடிச் சொன்னதும் நான்."

அவர் திட்டியிருக்கலாம், சிரித்திருக்கலாம். இரண்டையும் எதிர்பார்த்து ரிசீவரை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"அப்ப, ஈயம்?" என்றார்.

"என்ன?"

"நான் ஒட்டினது. அது சரியாமோ?"

"பார்த்தவா இந்த வேலையிலை கெட்டிக்காரி. சுத்தமான கை எண்டு சொன்னவா. ஒரு இடத்திலயும் வழியேல்லையாம். தான் செய்தாலும் அப்பிடி வராதாம்."

டொரொன்டோவில் ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. நாற்பத்தொரு வயது மனிதர் உட்கார்ந்திருக்கவேண்டும்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

சொன்னேன். ரயிலுக்கு நேரம் இருந்தது. அவர் கேட்காமலே இன்னொரு தரமும் சொன்னேன்.